அய்யா குறை சொன்ன கம்ப்யூட்டர்

கடைக்குள் நுழைந்ததும் அய்யா, அதாவது என் அப்பா, கம்ப்யூட்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு நேராக அதன் பின்பக்கம் போய் நின்றார். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு குனிந்து, ஒயர்கள் சொருகியிருந்த ஓட்டைகளையும் உள்ளே காற்றாடி சுற்றுவதையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் அப்போது புதிதாகத் திறந்திருந்த கடை அது. கடைக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். திரையில் ஓடும் படத்தைக் காட்டி எங்களை மயக்கிவிடலாம் என்று முன்பக்கம் தயாராக நின்றவர், பின்பக்கம் நிற்கிற ஆளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் முதலில் பின்னங்காலைப் பார்க்கிற மனிதர், கம்ப்யூட்டர் பிடிக்க வந்தாலும் அப்படித்தான் பார்ப்பார் என்று நான் யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது? கடைக்காரர் ஒரு பொத்தானை அமுக்க, சிடி போடுகிற தட்டு வெளியே நீண்டது. அய்யா முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. "வாயத் தெறக்குதே" என்று குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பல் எண்ணுவாரோ என்று பயந்துபோனேன்.

எனக்கு அந்தக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்பதுதான் விஷயம். ராமநாதபுரத்திலேயே கம்ப்யூட்டர் பாடத்தில் பட்டப்படிப்பு முடித்திருந்தேன். மேற்படிப்புக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். எங்கள் ஊர் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிற ஊர். எங்கள் வகையறாவில் விடுதியில் தங்கிப் படித்த பெண் அதுவரை ஒருத்தியும் கிடையாது. இடம் கிடைத்த செய்தியை நான் சொன்னபோது அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரு வாங்கிப்புடணும்" என்றார். அந்த வருடம் மிளகாய் நன்றாக விளைந்திருந்தது. ரொம்பப் பெரிய செட் இல்லை என்றாலும் சாதாரணமாக ஒன்றை வாங்க முடியும். மதுரைக்குப் பதிலாக வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து என்னை அதன் முன்னால் கட்டிப்போடப் போகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது. பெரியப்பா வீட்டுக்கு வந்து, "அதான் கம்ப்யூட்டரே வீட்டுக்கு வருதுல்ல. அப்பறம் எதுக்குத்தா அம்புட்டுத் தூரம் போகணும்?" என்று சொல்லிவிட்டு, யாரோ ஒரு மாப்பிள்ளையின் பேச்சை எடுத்தார். மாப்பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் தெரியுமாம். நான் விருட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கல்லூரியில் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மிளகாய் காயப்போட்டிருந்த களத்துக்கும் வீட்டுக்கும் சும்மா நடந்தேன். மதுரை பஸ் எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் நிற்காமல் போகும் சத்தம் கேட்டால், அது தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா மாவு ஆட்டச் சொன்னால் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். "என்னடி, காலு சுட்ட பூனையாட்டம் அலையுற?" என்று அம்மா திட்டுவாள். அவளிடம் என்ன சொல்ல? அய்யாவிடம் வாயைத் திறந்து கேட்டுவிட்டால் அவரும் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லிவிடுவார். கேட்காமலே இருந்தால் நாள் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து நான் வெந்துகொண்டிருந்தேன்.

அய்யாவோ மதுரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. ஒருநாள் போய் அந்தக் கல்லூரியைப் பார்த்துவிட்டும் வந்தார். வந்ததிலிருந்து ஒரே குறைதான். விடுதித் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம், நம்ம ஊர் உப்புத்தண்ணிக்கு இருக்கிற ருசி இல்லையாம். குழம்பில் புளியே இல்லையாம். வாசல் கதவு துருப்பிடித்துக் கிடக்கிறதாம். காவல்காரருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறதாம், அவர் யாரைப் பார்த்து என்னத்தைக் காவல் காப்பார்? ஆனால் ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரைப் பற்றிக் கேட்டால் வாய் நிறையப் புகழ்வார். "அருமையான சென்டரு. பஸ்ஸு வாசல்லயே நிக்குது. சொல்லிக் குடுக்குற புள்ளைகளும் தங்கமான புள்ளைக." சரி, அங்கேதான் தள்ளப் போகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

எதையும் ஒரே நடையில் வாங்குவது அய்யாவுக்கு வழக்கமில்லை. முதல் கடையில் பின்பக்கம் பார்த்ததோடு சரி. அடுத்து ராமேஸ்வரம் போகலாம் என்றார். அங்கே அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக இருந்தார். அறை பதிவு செய்வதற்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. புழக்கத்தில் இருப்பதைப் பார்த்தால்தான் உழைப்பு தெரியும் என்பது அய்யாவின் கட்சி. பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் எதிர்த்திசையில் போகிற ஒவ்வொரு பஸ்ஸின் பலகையிலும் மதுரை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

லாட்ஜ் கம்ப்யூட்டர் பெரிய கம்பெனி தயாரிப்பு. பளபளப்பாக, பூத்துண்டு போர்த்தி, குங்குமப் பொட்டோடு இருந்தது. அய்யா வழக்கம்போலப் பின்பக்கம் போய், ஒரு திருகாணியை நகத்தால் சுரண்டினார். விரலில் செம்மண் மாதிரித் துரு வந்தது. கடல்காற்று தின்றிருக்கிறது. ஆனாலும் அவர் அதைச் சொல்லவில்லை. "ராசா மாதிரி இருக்குப்பா. வாங்குனா இப்பிடி வாங்கணும்" என்று மேனேஜரிடம் உருகினார். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தன் மகனைப் பற்றி ஏதோ சொல்லி, கம்ப்யூட்டரின் தலையில் ஒட்டியிருந்த உருண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அய்யா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பேச்சில் எனக்கு மனம் ஒட்டவில்லை. வெளியே வந்து, யாத்திரைக்காரர்கள் ஈரத்துணியோடு தெருவில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்களெல்லாம் எங்கெங்கிருந்தோ இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், எனக்கு மதுரை எட்டவில்லையே என்று இருந்தது.

மறுபடி ராமநாதபுரம் கடைக்குப் போனபோது நான் ஒரு தீர்மானத்தோடு போனேன். வாங்கவிடக் கூடாது. வாங்கினால்தானே அதைக் காட்டி என்னை வீட்டில் வைப்பார்கள்? படித்த பிள்ளை சொன்னால் அய்யா கேட்டுக்கொள்வார் என்று நம்பினேன். கடைக்காரர் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய ஒரு சாதாரண செட்டைக் காட்டினார். வீட்டுப் புழக்கத்துக்கு இது போதும், கெட்டுப்போனாலும் எந்தப் பாகமும் தனியாகக் கிடைக்கும், பெரிய கம்பெனி செட் என்றால் பழுதுபார்க்க மதுரைக்கு ஓட வேண்டும் என்றார். நல்ல யோசனைதான், மனதில் எனக்கும் அது தெரியும். ஆனாலும் நான் குறை சொல்ல ஆரம்பித்தேன். திரை மங்கல். விசைப்பலகை கல் மாதிரி இருக்கிறது. உள்ளே ஓடுகிற சத்தம் நெல்லு மெஷின் மாதிரி. நினைவகம் போதாது. பெட்டித் தகரம் அப்பளம் கனம்கூட இல்லை. நான் அடுக்க அடுக்க, அய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அது எனக்கு விளங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் அவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, இதையே எடுத்துக்கிருவோம். எழுத்து இன்னுங் கொஞ்சம் பெருசாத் தெரியிற மாதிரி பண்ணிக் குடுங்க. அப்பறம் இது தலையில ஒரு கண்ணு வைப்பாகளாமே, ஆளு மொகம் தெரியிறதுக்கு. ராமேஸ்வரத்துல பாத்தேன். அதையும் மாட்டிருங்க."

கடை என்றும் பாராமல், "எனக்கு இது வேணாம்யா! எனக்கு எதுவும் வாங்க வேணாம்!" என்று கத்திவிட்டேன்.

அய்யா நிஜமாகவே குழம்பிப் போனார். "ஒனக்கு யாருத்தா வாங்குறா? நீ போற எடத்துல கம்ப்யூட்டரு இல்லாமயா இருக்கும்? இது எனக்கும் ஒங்க அம்மாவுக்கும். நீ அங்கன இருக்கப்போற, நாங்க இங்கன இருக்கப்போறோம். ஒன் மொகத்தப் பாக்க வேணாமா?"

கடைக்காரர் உள்ளே எதையோ எடுக்கப் போனார். அய்யா மெதுவாகக் கேட்டார். "அம்புட்டுக் கொறை சொன்னியே, ஒனக்குப் புடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. "ஏண்டி, ஒங்க அய்யா வேணும்ங்கிறத எப்படி நல்லாருக்குன்னு சொல்லுவாரு? சந்தையில மாட்டப் புகழ்ந்தா தரகன் கயித்த விடுவானா? இவுக கூட்டமே அப்பிடித்தான். புடிச்ச மாட்டத்தான் நொள்ளை சொல்லுவாக. எடுக்காத மாட்டுக்குத்தான் மால போடுவாக. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, பொண்ணு நெட்டை, கறுப்பு, கொரலு தகரம்னு எங்கய்யாகிட்ட மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போனாரு. அடுத்த முகூர்த்தத்துலயே தாலி கட்டிட்டாரு." அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. சப்பென்ற தண்ணீர், புளி இல்லாத குழம்பு, துருப்பிடித்த கதவு. அத்தனை நாளும் அவர் மதுரையை எனக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் களத்துக்கும் வீட்டுக்கும் அலைந்து செருப்பைத் தேய்த்தேன்.

நான் கிளம்பிய அன்றைக்கே கம்ப்யூட்டரும் வந்து இறங்குவதாக ஏற்பாடு. அய்யா என்னோடு மதுரை வரை வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் ஊர் விலக்குக்குக்கூட வரவில்லை. "கடைக்காரத் தம்பி மாட்டிக் குடுக்க வாராரு, நான் இருக்கணும்ல? நீ பெரியம்மாகூடப் போ. போய்ச் சேரு மொதல்ல" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம். ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் மனது அடங்கவில்லை. முதன்முதலாக வீட்டை விட்டுப் போகிற மகளைவிட அந்தச் செட் பெரிதாகிவிட்டதா என்று பரமக்குடி தாண்டும்வரை மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டு போனேன். மானாமதுரையில் பெரியம்மா வாங்கிக் கொடுத்த வெள்ளரிப் பிஞ்சைக்கூடத் தொடவில்லை.

மதுரைக்குப் பிறகு நான் ஊரில் நிலையாக இருந்ததே இல்லை. சென்னை, வேலை, கல்யாணம் என்று கால் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது நினைத்த நேரத்தில் திரையைத் திறந்தால் அய்யா வந்துவிடுகிறார். பனியனோடு, வெற்றிலையை மென்றுகொண்டு, கேமராவுக்கு மிக அருகில் வந்து மூக்கை மட்டும் காட்டிக்கொண்டு பேசுகிறார். அவர் பேசும்போதே நான் பக்கத்தில் வேறு ஏதாவது வேலை பார்க்கிறேன். சில நாள், "அப்பறம் கூப்புடுறேன்யா" என்று மூடியும்விடுகிறேன். அப்படி மூடிய பிறகுதான் பெரும்பாலும் அந்த முதல் நாள் ஞாபகத்துக்கு வரும்.

பெரியம்மா என்னை விடுதியில் விட்டுவிட்டுக் கிளம்பியதும், சாயங்காலம் விடுதி அலுவலகத்தில் போனுக்கு வரிசையில் நின்றேன். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் பேசி அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அம்மா மூச்சு வாங்க வந்தாள். தண்ணீர் எப்படி, சோறு எப்படி என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறது என்றேன். கோபம் இன்னும் இருந்தது. அதனால் அய்யாவைப் பற்றிக் கேட்காமல், "கம்ப்யூட்டர் வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்துருச்சு. மாட்டிக் குடுத்துட்டுப் போய்ட்டாக. ஒங்க அய்யா அது முன்னாடியேதான் ஒக்காந்திருக்காரு. நானும் மத்தியானத்துல இருந்து சொல்றேன், எந்திரிக்க மாட்டேங்கிறாரு. பொங்கலுக்கு எடுத்த சட்டையப் போட்டுக்கிட்டு, தலைய வழிச்சுச் சீவிக்கிட்டு ஒக்காந்திருக்காருடி. 'விளக்கெல்லாம் எரியுது, அவளும் போய்ச் சேந்திருப்பா, இன்னும் மொகம் வரலையே'ங்கிறாரு. நீ எப்பத்தா அதுல வருவ?"

கம்ப்யூட்டரும் கேமராவும் மட்டும் போதாது, இன்டர்நெட் என்று ஒன்று வேண்டும், அது எங்கள் ஊருக்கு அப்போது வந்திருக்கவே இல்லை. கடைக்காரர் நான் எடுத்துச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். எனக்கோ மதுரை கிடைத்த மிதப்பில் அது நினைவுக்கே வரவில்லை. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற பெண்கள் சீக்கிரம் பேசச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். எப்படிச் சொன்னால் அம்மாவுக்குப் புரியும், அவள் போய் எப்படி அய்யாவிடம் சொல்லி அந்தச் சட்டையைக் கழற்ற வைப்பாள்?

"நாளைக்கு வாரேன்னு சொல்லும்மா" என்றேன். போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். அவ்வளவு நாள் மதுரைக்குப் போக வேண்டும் என்று தவித்தவளுக்கு, மதுரைக்கு வந்து சேர்ந்த அந்தச் சாயங்காலம் வீட்டுக்கு ஓட வேண்டும் போல இருந்தது.