மலையில் நின்ற ஃபேன்

கொல்லிமலைச் செம்மேட்டில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அதில் கிராபிக்ஸ் கார்டு இரண்டு. சின்னது சாதாரண வேலைக்கு, பெரியது கேமுக்கும் வீடியோவுக்கும். விண்டோஸில் அதுவே பார்த்து மாறிக்கொள்ளும். அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும், பேட்டரி கண்ணெதிரே கரையும். முகம் தெரியாத ஆட்கள் சிலர் இணையத்தில் கூடி, பெரிய கார்டை அணைத்துவைக்க ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, ஆர்வம்தான். ஒவ்வொரு மாடலிலும் யாராவது அதைப் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறதா இல்லையா என்று அங்கே எழுத வேண்டும். என் மாடலுக்கு நான்தான் எழுதினேன்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கார்டை அணைப்பதற்கு முன்னும் பின்னும் பேட்டரி எவ்வளவு செலவாகிறது என்று அளக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஏது அந்தப் பொறுமை? மார்கழி மாதம், ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தேன். நிரலை ஓடவிட்டதும் கொஞ்ச நேரத்தில் லேப்டாப்புக்குள் ஓடும் ஃபேன் சத்தம் நின்றது. அடியில் கையை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. மிளகு காய்ந்துவிட்டதா என்பதையே கையில் அள்ளிப் பார்த்துச் சொல்கிற ஆள் நான், இதற்குப் போய் அளவா? 'அருமையாக வேலை செய்கிறது' என்று எழுதிவிட்டேன். நாலு பேர் நன்றி சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பங்குனியில் அடிவாரத்து ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அதே மாடல் லேப்டாப், நான் எழுதியதைப் பார்த்து அந்த நிரலைப் போட்டிருக்கிறாள், கீழே நான் கொடுத்திருந்த கடை நம்பருக்குத்தான் கூப்பிட்டாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள், இன்டர்வியூவும் அந்த லேப்டாப்பில்தான்.

"ஏனுங்ணா, சூடு கொறையவே இல்லீங்களே?"

"வெயில் காலம் கண்ணு. கீழ அப்படித்தான் இருக்கும். தைரியமா இரு."

இன்டர்வியூ அன்று அவள் ஊரில் மாதாந்திர மின்தடை. பேட்டரி தாங்கும் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். பாதியில் லேப்டாப் அணைந்துவிட்டது. அந்தக் கம்பெனி மறுபடியும் கூப்பிடவில்லை. கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை செய்கிற அவள் புருஷன், தெரியாத வேலையில் தலையைக் கொடுக்காதே, போதும், இனி எங்கேயும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

இதையெல்லாம் அவள் சொன்னது ஆடி மாதம், பஸ் பிடித்து மலையேறி என் கடைக்கு வந்த அன்று. வளைவுகளில் வாந்தியெடுத்து முகம் வாடியிருந்தது. லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு பாத்துச் சொல்லுங்ணா. அது தெரிஞ்சாத்தான் வேற கம்பெனிக்குப் போட ஊட்டுல விடுவாங்க."

வெளியே சாரல். மூடுபனி கடைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் லேப்டாப்பை ஆன் செய்தாள். ஃபேன் இரைந்தது, பிறகு தானாக நின்றது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க எடத்துக்கு வந்ததும் சரியாயிருச்சு பாருங்ணா."

நான் அதைத் தொடவே இல்லை. சார்ஜரைப் பிடுங்கி, முதன்முறையாக அளந்தேன். முன்னும் பின்னும் ஒரே அளவு. என்னுடையதையும் அளந்தேன், அதுவும் அப்படியே. பெரிய கார்டு ஒரு நாளும் அணையவில்லை. ஃபேனை நிறுத்தியது நிரல் அல்ல, கொல்லிமலைக் குளிர். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"அப்ப நான் போட்டது சரிதானுங்களா?"

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கற கண்ணு. நாந்தான் பாக்காமச் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே நான் எழுதியிருந்ததைத் திருத்தினேன்: 'வேலை செய்யவில்லை. நான் அளந்து பார்க்கவில்லை. மன்னிக்கவும்.' முகம் தெரியாதவர்களிடம் அதை எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது.

அவள் தன் போனில் ஒரு நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"இதையே எங்கூட்டுக்காரருகிட்ட ஒருக்காச் சொல்லிருங்ணா."

அந்தப் பக்கம் கலவை மிஷின் ஓடும் சத்தம். வாய் குழற, தப்பு அவள் மேல் இல்லை, என் மேல்தான் என்றேன். ஏன் என்று விளக்கினேன், தேவைக்கு மேலேயே விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரிங்க" என்றார் கடைசியில். "இதை அன்னிக்கே அந்தக் கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லியிருந்தா ஆயிருக்குங்க."

கோபமே இல்லாத குரல். வேலை கிடக்குது என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

போனை வாங்கக் கையை நீட்டியபடி அவள் நின்றாள்.

"மறுபடியும் வேற கம்பெனிக்குப் போடலாம்னு சொன்னாருங்களா?"

அவர் அதைச் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.