முனிலட்சுமி தாண்டிய பதினேழு விநாடி

முனிலட்சுமி வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குக் கல்யாணமாகிப் போய் இரண்டு வருடம் இருந்ததில் கன்னடம். எங்கள் பக்கத்தில் இது ஒரு பெருமையே இல்லை. பால்காரருக்கும் அதே மூன்று மொழி. ஆனால் அந்த மூன்றை வைத்துத்தான் அவளுக்கு வேலை கிடைத்தது.

நானும் அவளும் ஓசூரில் ஒரே வகுப்பு. நான் மஸ்கட்டுக்கு வந்து பதினொரு வருடம். வெள்ளிக்கிழமை தோறும் பேசிக்கொள்வோம். ஒரு வெள்ளி அவள் எடுக்காவிட்டால் என் மனம் எங்கெங்கோ போய்விடும். போன மார்ச்சில் இரண்டு வெள்ளி எடுக்கவில்லை. மூன்றாவது வெள்ளி எடுத்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். இதை எழுதலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். "எழுதிக்கோ, எனக்கென்ன" என்றாள், அரைத் தூக்கத்தில் பேசுகிறவள் போல.

அவள் வேலை இதுதான். சிப்காட் கம்பெனிகள் புதிதாகச் சேரும் ஆட்களுக்குக் காட்டுகிற பயிற்சி வீடியோக்களுக்குச் சப்டைட்டில் எழுதுவது. மெஷினை எப்படி நிறுத்துவது, எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது, இந்த மாதிரி. இப்போது பல கம்பெனிகளில் காது கேளாதவர்களை வேலைக்கு எடுக்கிறார்கள். அவர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் எழுத்துதான் வாத்தியார். கம்பெனிகளிடமிருந்து வேலையை வாங்கி இவளுக்கு அனுப்புகிறவன் பிரகாஷ். பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் அவன் ஆபீஸ். இவளை விட ஆறு வயது சின்னவன். அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

எங்கள் ஊர்ப் பயிற்சி வீடியோவில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் ஒவ்வொரு விஷயத்தையும் முதலில் தமிழில் சொல்வார், பிறகு கன்னடத்தில், பிறகு தெலுங்கில். ஒரே லைனில் மூன்று மொழிக்காரர்களும் நின்று வேலை செய்கிறார்களே, வேறு வழியில்லை. பிரகாஷ் முதல் நாளே சொல்லிவிட்டான்: "தமிழை மட்டும் எழுதுங்கக்கா. அதையே மூணு வாட்டி போட்டா படிக்கறவன் குழம்பிடுவான்." அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. முதல் ஐந்தாறு வீடியோவில் மூன்றையும் கேட்டுவிட்டுத் தமிழை எழுதினாள். ஒரே கம்பெனிக்கு நாற்பது வீடியோ வந்ததும், "ஈக நோடி" என்று, அதாவது இப்போது பாருங்கள் என்று, கன்னடம் ஆரம்பிக்கும்போதே விரல் தானாக அடுத்த விஷயத்துக்குத் தள்ளிவிடப் பழகியது. பையனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அவன் திரும்பி வரும்வரை இதே வேலை. அசதியில் உடம்பு தானே கண்டுபிடித்துக்கொண்ட குறுக்கு வழி அது. அவளும் அப்படித்தான் சொன்னாள், சமாதானம் சொல்கிற தொனியில் இல்லை.

மார்ச் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலை பிரகாஷ் போன் செய்தான்.

"அக்கா, அந்த டிரையர் வீடியோ ஞாபகம் இருக்குதா? இருபத்தி மூணாவது."

"எல்லாம் ஒண்ணாட்டம்தான் இருக்குது. என்னாச்சு?"

"ஒரு பொண்ணு ஓடிகினு இருக்கற டிரையரத் தொறந்து கையை வுட்டிருச்சு. பெருசா ஒண்ணுமில்ல, கிளவுஸ் கிழிஞ்சு ரெண்டு வெரலு வீங்கியிருக்குது. காது கேக்காத பொண்ணு. சனிக்கிழமை விசாரணை. வீடியோல சொன்னபடி நடக்கலைன்னு அனுப்பிடப் போறாங்க போல. நமக்கு ஒண்ணுமில்ல. பேசினதெல்லாம் எழுத்துல முழுசா இருக்குதுன்னு ஒரு லெட்டர் மட்டும் கேக்கறாங்க. நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க."

டிரையர் என்பது கழுவிய பித்தளைத் துண்டுகளைச் சுழற்றி ஈரம் போக்கும் டிரம். வீட்டு வாஷிங் மெஷினுக்கு அண்ணன். பழைய மெஷின், மூடிக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி கிடையாது. சுவிட்சை அணைத்த பிறகும் டிரம் கொஞ்ச நேரம் சுற்றும். டிரம் நிற்கவில்லை என்று தெரியக் காது கேட்கிறவர்களுக்கு அந்த இரைச்சலே போதும்.

கையெழுத்துப் போடும்முன் வீடியோவைத் திறந்தாள். பேசுகிறவர் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர், அந்த லைனின் மூத்த சூபர்வைசர். தமிழில் சொன்னார்: வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறக்கவும். அதை அவள் அப்படியே எழுதியிருந்தாள். விரல் வழக்கம்போல் தள்ளப் பார்த்தது. தள்ளாமல் வைத்துக்கொண்டாள்.

"ஈக நோடி. ஆஃப் மாடித தக்ஷண முச்சள தெகீபேடி. ஹசிரு லைட்டு பரோ தனக காய்ரி."

அணைத்தவுடனே மூடியைத் திறக்காதீர்கள், பச்சை விளக்கு வரும்வரை பொறுங்கள் என்று அர்த்தம். அதோடு நிற்காமல், தன்னோடு வேலை செய்த ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்த கதையையும் அதிலேயே சொல்லியிருந்தார். மொத்தம் பதினேழு விநாடி. தெலுங்கிலும் பச்சை விளக்கைச் சொல்லியிருந்தார். தமிழில் மட்டும் இல்லை. கேட்கிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. எங்கள் ஊரில் யாரும் ஒரு மொழியோடு காதை மூடிக்கொள்வதில்லை. தமிழ் எழுத்தை மட்டும் படித்தவளுக்கு அந்த விளக்கு எதற்கு எரிகிறது என்று யாருமே சொல்லவில்லை.

சுடலைமுத்துவின் எண்ணைப் பிரகாஷிடமே வாங்கினாள்.

"தமிழ்ல ஏண்ணே வுட்டீங்க?"

"விடணும்னு விடல தாயி. டிரையர்ல நான் வேல படிச்சது பொம்மசந்திரால, கன்னடக்காரங்களோட. கன்னடத்துல பேசும்போதுதான் அந்த மெஷினே எனக்கு ஞாபகத்துக்கு வருது. தமிழ்ல பேசயில என்னமோ கேமரா முன்னால நிக்கோம்ங்கிற பயம்தான்."

"சனிக்கிழமை சொல்லுவீங்களா?"

"எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. நீங்க என்ன எழுதுதீங்கன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனாள். பெயர் ஸோயா. கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரி, இருபத்திரண்டு வயது. கம்பெனி ஹாஸ்டல் வாசலில் கட்டுப்போட்ட விரல்களோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே போனில் மாற்றி மாற்றித் தட்டிப் பேசினார்கள். ஸோயா தட்டியது கட்டைவிரலால்.

நான்தான் அந்த வீடியோவுக்கு எழுதினவ என்று இவள் தட்டியதும் ஸோயா இவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டினாள்: "எல்லா வீடியோலயும் முதல்ல 'இசை'ன்னு போடறது நீங்கதானா? என்ன இசை அது? நல்லாவா இருக்கும்?"

"கேவலமா இருக்கும்."

"அதையாவது எழுதலாம்ல. இங்க காது கேக்காத நாங்க நாலு பேரு எதையோ விட்டுட்டோம்னு நெனச்சிகினு இருக்கறோம்."

முனிலட்சுமி சிரித்துவிட்டாள். பிறகு கன்னடத்தில் இருந்ததைத் தமிழில் தட்டிக் காட்டினாள். ஸோயா அதை மூன்று தடவை படித்தாள். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"ரெண்டு நாளா நான் படிச்சது தப்போ, என் மண்டைதான் தப்போன்னு யோசிச்சிகினு இருந்தேன். சூபர்வைசர் சொல்லியும் கேக்கலைன்னு எழுதிக் கையெழுத்து கேட்டாங்க. போடல. அப்பா, வேலை போதும் வந்துடுன்னு மெசேஜ் மேல மெசேஜ். போனா திரும்ப அனுப்ப மாட்டாரு."

முனிலட்சுமி போனை வாங்கி அதைப் படித்தாள்.

ஸோயாவே திரும்ப வாங்கித் தட்டினாள்: "நீங்க இதைச் சொல்லுவீங்களா? இல்ல, பாத்துட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

வீட்டுக்கு வந்து லெட்டரை எழுதினாள். பாதி நாள் ஆனது. எழுதியது ஐந்து வரி. இந்த வீடியோவில் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்ன எச்சரிக்கை தமிழில் சொல்லப்படவில்லை, எழுதப்படவும் இல்லை. அந்த இரண்டு பகுதிகளையும் நான் கேட்காமல் தாண்டிவிட்டேன். காது கேட்காதவர்களுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அடியில் கையெழுத்து, போன் நம்பர். பிரகாஷுக்கு அனுப்பியதும் உடனே கூப்பிட்டான்.

"என்னாக்கா, நம்ம கழுத்துல நாமளே கத்தி வெச்சிக்கறதா?"

"உன் பேரு அதுல இல்ல. என் பேரு மட்டும்தான்."

"கம்பெனிக்காரன் நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பாப்பான். தமிழ மட்டும் எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். அதையாவது எழுதாம வுட்டுட்டீங்களே, அதுக்கே தேங்க்ஸ்."

"எழுத மட்டும்தான் சொன்ன. கேக்காதேன்னு சொல்லலியே. கேக்காம வுட்டது நானு."

"ஒரே ஒரு வார்த்த மாத்துங்க. 'தாண்டிவிட்டேன்'கறத எடுத்துடுங்க."

"எடுத்தா மிச்சத்துல என்ன இருக்குது, சொல்லு."

அவன் அனுப்ப மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒரு நகலை எடுத்துக்கொண்டு, டவுன் பஸ் பிடித்து, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து, ரிஜிஸ்டரில் பெயர் எழுதிவிட்டு வந்தாள். அன்று நான் கூப்பிட்டபோது பஸ்ஸில் இருந்தாளாம். எடுக்கத் தெம்பில்லை என்றாள்.

சனிக்கிழமை நடந்ததைச் சுடலைமுத்து அவளுக்குப் போனில் சொன்னார். லெட்டரைப் படித்தார்கள். பெரிய மேனேஜர் மண்டியாக்காரர், கன்னடம் அவர் தாய்மொழி. வீடியோவைச் சத்தத்தோடு போடச் சொன்னார். பதினேழு விநாடியும் ஓடியது. தமிழில் ஏன் இல்லை என்று கேட்டார்.

"மறந்துட்டேன் சார்னு சொல்லிட்டேன் தாயி. உங்க லெட்டர அங்ஙன வச்சிக்கிட்டு வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க?"

ஸோயாவை அனுப்பவில்லை. கை ஆறும்வரை பேக்கிங்கில் வேலை, பிறகு பழைய லைனே. சுடலைமுத்துவுக்கு எச்சரிக்கைக் கடிதம். மூடிக்குப் பூட்டு வைப்பதைப் பற்றி அடுத்த மாதம் யோசிப்பார்களாம். சப்டைட்டில் வேலை வேறு ஆளுக்குப் போனது. பிரகாஷ் அதைப் போனில் சொல்லவில்லை. அனுப்பிய மெயிலில் அக்கா இல்லை, மேடம் என்று போட்டிருந்தான்.

"இப்ப என்ன பண்ற?" என்று கேட்டேன்.

"மிச்ச முப்பத்தி ஒம்போதையும் கேட்டுகினு இருக்கறேன். மூணு மொழியும், ஆரம்பத்துலருந்து."

"யார் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. பதினொண்ணு முடிஞ்சிருக்குது. ரெண்டுல இதே மாதிரி இருக்குது. ஒண்ணு ஆசிட் தொட்டி." ஒரு கொட்டாவி விட்டாள். "கண்டத தமிழ்ல எழுதி ஸோயாவுக்கு அனுப்பறேன். அது மத்த மூணு பேருக்கும் காட்டிட்டு, பிரிண்ட் எடுத்து மெஷின்லயே ஒட்டிடுது. ஒட்டக்கூடாதுன்னு எவனோ கிழிச்சானாம். மறுபடியும் ஒட்டியிருக்குது."

பின்னால் பள்ளி வேன் ஹாரன் கேட்டது. வைக்கிறேன் என்று கூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.