கண்மூடி நின்ற இடங்கள்

முதல் அறிகுறி இருமல் அல்ல. ஒரு பௌர்ணமி விடியற்காலையில், மலைசுற்றும் பாதையில், நிருதி லிங்கத்தின் முன் என் மனைவி சகுந்தலா வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றாள். அவ்வளவுதான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அவளுக்கு வயது முப்பத்து நான்கு.

நான் சென்னை நாளிதழ் ஒன்றின் திருவண்ணாமலை நிருபர். கூட்டத்தில் எத்தனை தலை, ஊர்வலத்தில் எத்தனை வண்டி, பாலம் உடைந்த இடத்தில் எத்தனை அடி ஆழம் என்று எண்ணி எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் மலையைச் சுற்றிவர எங்களுக்கு ஆகும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் மூன்றேகால் மணி நேரம். சில ஆண்டுகளில் மூன்றே முக்கால். பிறகு நாலேகால். அதே சாலை, அதே வெறுங்கால் நடை. அவள் கூடுதலாகச் சாமி கும்பிடுகிறாள் என்று காரணம் கண்டுகொண்டேன்.

மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கக் கோயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நின்று கும்பிட்டுப் போவது வழக்கம். நான் நடந்தபடியே கையெடுத்துவிட்டுப் போகிறவன். சகுந்தலா ஒவ்வொன்றிலும் நின்றாள். கண்களை மூடிக்கொண்டாள். எங்களோடு இருந்த என் அக்காவுக்கு இதில் பெருமை.

"பாத்துக் கத்துக்கடா. நீ இன்னாடான்னா பஸ்ஸ வுட்டவன் மாதிரி ஓடுற. அவ நிக்கிறா பாரு, கல்லு மாதிரி" என்பாள்.

ஒரு கார்த்திகை தீபத்தின்போது, மலைசுற்றும் மக்களைப் பற்றிக் கட்டுரை வேண்டும் என்று பத்திரிகையில் கேட்டார்கள். பெயர் சொல்லாமல் என் மனைவியை அதில் ஒரு பத்தி எழுதினேன். "ஒரு கையால் தூணைப் பற்றியிருக்கிறாள். தோள்கள் ஏறி இறங்குகின்றன. குவிந்த உதடுகள் ஓசையில்லாமல் மந்திரம் சொல்கின்றன. பக்கத்தில் மாட்டுவண்டி போவதுகூட அவளுக்குத் தெரியவில்லை." ஆசிரியர் குழுவிலிருந்து பாராட்டி ஒரு கார்டு வந்தது. அக்கா அந்தப் பத்தியைக் கத்தரித்து, ஓரத்தில் தேதி குறித்து, பஞ்சாங்கத்துக்குள் வைத்தாள். சகுந்தலா படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இருமல் அடுத்த மார்கழியில் வந்தது. காலையில் எழுந்ததும் சளி, மற்றபடி ஒன்றுமில்லை. அந்த நாளில் நெடுநாள் இருமல் என்றாலே எல்லோருக்கும் ஒரே பயம்தான். சளியைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசநோய் இல்லை என்றார்கள். அக்கா கோயிலில் தேங்காய் உடைத்தாள். காசம் இல்லை என்பதை நோயே இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரண்டு குளிர்காலங்கள் அப்படிப் போயின. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்லோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் எண்ணம் இருந்தால், இன்னொரு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.

பிறகு ஒருநாள் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்துவந்தவள், நான்கு வீடு தள்ளியே குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே லிங்கம் எதுவும் இல்லை. அதை நான் பார்த்தேன்.

வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நீண்ட நடைவழியில் இரண்டு பக்கமும் பெஞ்சுகள். எங்கள் முறை வர மூன்று மணி நேரம் ஆயிற்று. பாதி நேரம் கழிந்த பிறகு அவள் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"என்னங்க, கோச்சிக்க மாட்டீங்களே?"

"எதுக்கு?"

"நான் அங்கல்லாம் சாமி கும்பிடலீங்க. மூச்சு வாங்கும். அடங்குற வரிக்கும் நிப்பேன்."

"எப்பத்திலேருந்து?"

"ரெண்டு மூணு வருசமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? வேணாம், நடக்காத, வூட்ல இருன்னுவீங்க. மாசத்துல ஒரு நாளுதான் நான் அந்த அடுப்பு மூஞ்சிய பாக்காம வெளிய வர்றது. அதையும் வுட்டுட்டா?" பிறகு அவளே சிரித்தாள். "வாயு லிங்கத்துல மட்டும் நெசமாவே கேட்டுப்பேன். கொஞ்சம் காத்து குடுப்பான்னு."

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வட்ட முகப்பும் முள்ளும் கொண்ட ஒரு கருவியைக் கொடுத்து ஒரே மூச்சில் ஊதச் சொன்னார். முள் பாதி வட்டத்தைத் தாண்டித் தயங்கி நின்றது. மூன்று முறை ஊதியும் அதே இடம்தான்; அவள் வயதுக்கு அது குறைவு.

"இது எத்தன நாளா இருக்கு?"

சகுந்தலா கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பஞ்சாங்கத்தில் இருந்த அந்தப் பத்திரிகைத் துண்டு. "தேதி இதுல இருக்குதும்மா. இவரு எழுதனது. அது நான்தான்."

டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா கவனிச்சிருக்கீங்க சார். தூணப் புடிச்சிருக்காங்க, தோள் ஏறி எறங்குது, உதடு குவிஞ்சிருக்கு. நாங்க கேஸ் ஷீட்ல எழுதறதெல்லாம் இதுல இருக்கு. மந்திரம்தான் ஜாஸ்தி."

நான் பார்த்ததில் பிழையில்லை. பார்த்ததற்கு நான் வைத்த பெயர்தான் பிழை. அச்சில் வந்த என் பிழைகளுக்கு மறுநாள் திருத்தம் போட்டிருக்கிறேன். இதற்குத் திருத்தம் வர மூன்று ஆண்டுகள் ஆயின.

டாக்டரம்மா அடுப்பைப் பற்றிக் கேட்டார். விறகு, மழைக்காலத்தில் வறட்டி. ஜன்னல் உண்டா என்று கேட்டார். கிடையாது. வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று கேட்டார். சகுந்தலா மறுபடி சுவரைப் பார்த்தாள். நான் பிடிக்கிறேன், எழுதும்போது, என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை என்றார். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணியதில்லை.

நோயின் பெயர் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி (நெடுநாள் புகையால் மூச்சுக்குழல்கள் தடித்துச் சுருங்கி, ஓயாமல் சளி சுரப்பது). டாக்டரம்மா அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "போன மூச்சு திரும்ப வராது. இருக்கற மூச்சக் காப்பாத்திக்கலாம். நெறைய பேரு கட்டில்ல தூக்கிட்டு வர்றப்பதான் எங்ககிட்ட வர்றாங்க. நீங்க நடந்து வந்திருக்கீங்க."

மருந்துகள் பற்றிக் கேட்க நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான். "மல சுத்தலாமாம்மா?"

"நடந்தே ஆகணும். நடக்காதவங்களுக்குத்தான் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆனா மூச்சு முட்டுறதுக்கு முன்னாடி நிக்கணும், முட்டின பிறகு இல்ல." உதடு குவித்து ஊதுவதை (மூச்சை மெதுவாக வெளிவிடுவதால் சிறு குழல்கள் மூடிக்கொள்ளாமல் இருக்கும்) விடவேண்டாம் என்றும் சொன்னார். "அத நாங்கதான் சொல்லிக் குடுப்போம். நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க."

வீட்டில் முதல் சண்டை அடுப்பைப் பற்றி வந்தது. எரிவாயுவுக்கு எழுதிப்போட்டால் வர ஆண்டுகள் ஆகும் காலம். நான் கொல்லையில் கீற்றுப் பந்தல் போட்டு அடுப்பை அங்கே கொண்டுபோனேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"குடும்பக்காரி வூட்டு அடுப்பு கொல்லையில எரியுதே, இன்னா கல்யாணம் காட்சியான்னு பக்கத்து வூட்டுக்காரி கேக்குறா. நான் இன்னா பதில் சொல்றது?"

"தெனமும் கல்யாணம்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் சகுந்தலா.

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் விறகை அவளே காயவைத்து, புகையாத கட்டையாகப் பார்த்துப் பொறுக்கினாள். காற்று வீட்டுப் பக்கம் அடித்தால் சகுந்தலாவை எழுப்பிவிட்டுத் தானே அடுப்பின் முன் உட்கார்ந்தாள். நான் சிகரெட்டை முதலில் தெருவுக்குக் கொண்டுபோனேன், பிறகு விட்டேன். இரண்டு முறை மறுபடி தொட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். இரண்டு முறையும் நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய இருமல்தான் சொல்லிவிட்டது.

மூச்சுக்குழலை விரிக்கும் மாத்திரை நெஞ்சைப் படபடக்க வைத்தது. விரல்களையும் நடுங்க வைத்தது. வாசலில் அவள் போடும் கோலத்தில் கோடுகள் அலைந்தன. பத்து நாள் பொறுத்துப் பார்த்தவள், கோலம் போட்டுவிட்டு மாத்திரை போடுவதென்று மாற்றிக்கொண்டாள். டாக்டரம்மா அதற்குச் சம்மதித்தார். மருந்தோடு வாழ்வதென்பது இவ்வளவு சிறிய ஏற்பாடுகளால் ஆனது என்று அப்போது எனக்குத் தெரியாது. எண்பதுகளில் வாயில் வைத்து அழுத்தும் மருந்துக் குப்பி வந்தது. அக்கா அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "சென்ட்டு புட்டி மாதிரி கீது, வாசனதான் கம்மி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

எல்லாம் ஏறுமுகமாகவே இருந்துவிடவில்லை. ஒரு மழைக்காலத்தில் சளி மஞ்சளாகிக் காய்ச்சல் கண்டது. வேலூரில் ஒன்பது நாள் இருந்தாள். மூக்கில் பிராணவாயுக் குழாய். பேச முடியாததால் என் குறிப்பேட்டை வாங்கி எழுதினாள். "பௌர்ணமி என்னைக்கு?" நான் தேதியைச் சொன்னேன். "இந்த மாசம் முடியாது" என்றும் சொன்னேன். அவள் மறுபடி பென்சிலை எடுத்து, "தெரியும். கேட்டேன்" என்று எழுதினாள்.

திரும்பி வந்தபோது வாசற்படி ஏற இரண்டு முறை நின்றாள். முள் பழைய இடத்துக்கும் கீழே இருந்தது. அந்த மாதங்களில்தான் நான் பயந்தேன். மலை எங்கள் தெருமுனையிலிருந்தே தெரியும். அதைப் பார்க்காதது போல அவள் கோலம் போட்டாள்.

நான்காவது பௌர்ணமியன்று விடிந்ததும் அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "முழுக்க வேணாங்க. அக்னி லிங்கம் வரிக்கும் போய்ட்டு வந்துடலாம்." எட்டில் இரண்டாவது அது. போய்த் திரும்பினோம். அடுத்த மாதம் மூன்றாவதான எம லிங்கம் வரை. அங்கிருந்து திரும்பும்போது எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர், பாதியில் திரும்பினால் பலனில்லை என்று எச்சரித்தார். "எனக்கு இருக்குது" என்றாள் அவள். அதற்குமேல் போனால் திரும்புவதைவிடச் சுற்றிவிடுவதே குறைந்த தூரம் என்று ஓர் இடம் அந்தப் பாதையில் வரும். அதைத் தாண்டும் துணிவு வர எங்களுக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. தாண்டிய அன்று ஐந்தரை மணி நேரம் நடந்து கடைசியான ஈசான்ய லிங்கத்துக்கு வந்து சேர்ந்தோம். வெயில் ஏறியிருந்தது. அக்கா மோர்ச் செம்புடன் அங்கேயே வந்து காத்திருந்தாள். திட்டத்தான் வந்திருந்தாள், திட்டவில்லை.

இரண்டு அடிக்கு மூச்சை உள்ளே, நான்கு அடிக்கு வெளியே. அவள் அப்படித்தான் நடக்கிறாள். பக்கத்தில் நடந்து நடந்து எனக்கும் அது பழகிவிட்டது. இப்போது தனியாகப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் என்னால் வேகமாக நடக்க முடிவதில்லை. கடைத்தெரு எத்தனை மூச்சு, மாடிப்படி எத்தனை மூச்சு என்று உடம்பே கணக்கு வைத்துக்கொள்கிறது. முன்பு மலையைச் சுற்றியபோது சாலையைத்தான் பார்த்திருந்தேன். எட்டு இடங்களில் நின்றதால்தான் மலை எட்டு விதமாக இருப்பதைப் பார்த்தேன். அவளுடைய நோயைக் காட்டிக்கொடுத்த அதே நிறுத்தங்கள்தான் இன்று அவளை நடத்திச் செல்கின்றன. நேரத்தைக் குறித்து வைப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

எண்பதுகள் முடியப்போகின்றன. எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. கொல்லைப் பந்தலில் இப்போது பாகல் படர்ந்திருக்கிறது. பௌர்ணமிக்கு வெளியூர்க் கூட்டமும் வரத் தொடங்கிவிட்டது. முள் ஏறவில்லை, கடந்த சில ஆண்டுகளாக இறங்கவும் இல்லை. டாக்டரம்மா சொன்ன காப்பாற்றுவது என்பது இதுதான்.

சென்ற மாதம் குபேர லிங்கத்தின் முன் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், தூணைப் பிடித்தபடி கண்மூடி நின்றாள். உதடுகள் குவிந்திருந்தன. உடன் வந்தவர்கள் மரியாதையாகச் சற்றுத் தள்ளி நின்றார்கள். நானும் சகுந்தலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"வூட்ல வெறகு அடுப்பாம்மா?"

அந்தப் பெண் கண்களைத் திறந்தாள். பதில் சொல்ல மூச்சு வரவில்லை. ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

"பேசாதம்மா. அடங்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அது அடங்கும்வரை மூவரும் நின்றோம்.