தகரக் கூரைக்குக் கீழே ஒரு கேள்வி

சீசன் நாட்களில் தென்காசியில் பஸ் ஏறினால் மேலகரம் வருவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். ஷட்டரை இறக்கினாலும் சாரல் எப்படியோ உள்ளே வந்து கன்னத்தைத் தொடும். அருவியில் தண்ணீர் எப்படி என்று யாரோ கேட்பதும், கண்டக்டர் "நல்லா விழுது" என்பதும் கனவில் கேட்பதுபோல இருக்கும். என் நிறுத்தம் வந்ததும் அவர்தான் எழுப்பிவிடுவார். வகுப்பறையை உற்றுக் கவனிக்க வந்த ஆராய்ச்சியாளரின் லட்சணம் அது.

நான் கணக்கு டீச்சர். முனைவர் பட்டத்துக்காக விடுப்பு எடுத்து, உயர்நிலை வகுப்புகளில் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பார்க்க மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் சில விநாடிகளுக்கு ஒருமுறை கோடு போட வேண்டும். ஆசிரியர் பேசினால் ஒரு கட்டம், மாணவர் பேசினால் இன்னொன்று. யாருமே பேசாவிட்டால் கடைசிக் கட்டம். அதற்கு "மௌனம் அல்லது குழப்பம்" என்று பெயர். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட மகராசன் யாரோ தெரியாது. என் வீட்டில் நான் பேசாமல் இருந்தால் அது குழப்பம் இல்லை, கோபம்.

அந்தத் தலைமை ஆசிரியருக்குக் கட்டமெல்லாம் தேவைப்படவில்லை. வராந்தாவில் நடக்கும்போது ஆசிரியர் குரல் கேட்டால் பாடம் நடக்கிறது, கேட்காவிட்டால் நடக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் தகரக் கூரையில் சாரல் வலுத்துவிட்டால் பள்ளிக்கூடமே மழையோடு போட்டி போட்டுக் கத்தும். சீசன் முடிவதற்குள் எல்லாருக்கும் தொண்டை கட்டிவிடும். ஆசிரியர் அறையில் சுக்குக்காபி வாசனை அடித்துக்கொண்டே இருக்கும்.

கத்தாதவர் ஒருவர்தான், பத்தாம் வகுப்பின் சமூக அறிவியல் டீச்சர். மழை வலுத்தால் அவர் பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். பிள்ளைகள் யோசிப்பார்கள். மழை விட்ட பிறகுதான் பேச்சு. முந்தின வாரம் ஒருநாள் தலைமை ஆசிரியர் அவரை வராந்தாவில் நிறுத்தி, பாடம் பிரமாதம் என்று பாராட்டியிருக்கிறார். உண்மையில் தலைமை ஆசிரியர் காதில் விழுந்தது தடுப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பில் கத்திக்கொண்டிருந்த டீச்சரின் குரல்.

விஷயம் தெரிந்ததிலிருந்து தலைமை ஆசிரியருக்கு இன்னும் கோபம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. டீச்சரே வாயத் தொறக்கலன்னா எப்படி மேடம்? பத்தாவத வேற ஆள்ட்ட குடுத்துரலாம்னு பாக்குதேன். நீங்க ஆராய்ச்சி பண்ணுதவங்க, பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அந்த டீச்சருக்கும் இது தெரிந்திருந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில் தன் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"எட்டாவதுல இருந்து இந்தப் பிள்ளைகள கூட்டிட்டு வாரேன். இப்ப விட்டுட்டுப் போன்னா மனசு கேக்க மாட்டேங்குது மேடம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் அன்று பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. என் தாளின் கடைசிக் கட்டம் முழுக்க அவருடைய வகுப்புக் கோடுகள். அதைப் படிக்கிற எவரும் தலைமை ஆசிரியர் பக்கம்தான் பேசுவார்கள்.

அடுத்த நாள் ஜன்னலில் மலை இல்லை. வெள்ளையாக ஏதோ இறங்கி வந்து மைதானத்தையும் கொடிக் கம்பத்தையும் எடுத்துக்கொண்டது. கூரையில் சத்தம் வலுத்தது. டீச்சர் பலகையில் எழுதினார்: "இங்கே சாரல் விழுகிறது. இதே காற்றுதான் கீழப்பாவூருக்கும் போகிறது. அங்கே ஏன் வெயில்?"

எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். பொடி ஈரம் நோட்டுகளின் மேல் இறங்கியது. ஒரு பையன் பெஞ்சின் ஈரத்தில் விரலால் மலை வரைந்தான், பக்கத்தில் இருந்தவன் அதன் மேல் மேகம் வைத்தான். நான் கடைசிக் கட்டத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தேன். எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. மேகத்தோடு சேர்ந்து மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, எங்கோ வெயிலில் கரைந்துகொண்டிருந்தேன். கணக்கு டீச்சருக்கு விடை தெரியவில்லை, ஆனால் அவ்வளவு சுகமாக நான் ஒரு வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை.

வாசலில் குடை சொட்டியது. தலைமை ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன நடக்குது இங்கன?"

டீச்சர் பலகையைக் காட்டினார். அவர் படித்தார். தினமும் கீழப்பாவூரில் வெயிலில் பைக் எடுத்து, தென்காசி தாண்டியதும் மழைக்கோட்டு போடுகிறவர். முகம் மலர்ந்துவிட்டது.

"இது தெரியலையா? அது என்னன்னா..."

"சார், சொல்லிராதீங்க" என்றார் டீச்சர்.

பத்தாம் வகுப்பை இவரே கைநழுவ விட்டுவிட்டார் என்று நினைத்தேன். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு தலைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்தார். மழை எங்கள் எல்லார் மேலும் பேசிக்கொண்டிருந்தது.

சத்தம் மெல்லக் குறைந்தபோது நடு பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், மேகம் மலையேறி வரும்போதே பாதித் தண்ணிய கொட்டிருது. மிச்சம் இங்கன சாரலா விழுது. கீழ எறங்க எறங்க காத்து சூடாயிரும்லா? அப்ப கீழப்பாவூருக்கு வெறுங்காத்துதான் போவும்."

"சூடாவும்னு எதை வச்சு சொல்லுதே?" என்றார் டீச்சர், சரி என்றுகூடச் சொல்லாமல். இன்னும் நாலு கைகள் உயர்ந்தன. தலைமை ஆசிரியர் சத்தம் காட்டாமல் போய்விட்டார்.

மதியம் அவர் அறையில், "கட்டத்துல என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போடல சார். நானும் விடையை யோசிச்சிட்டு இருந்துட்டேன்."

அவர் மேஜை மேலிருந்த பதிவேட்டைப் பிரித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று தெரியாமலே வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாளும் நல்ல சாரல். நான் போனபோது தலைமை ஆசிரியர் வராந்தாவில் நின்றிருந்தார். பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு டீச்சரின் குரல் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவர் அந்த வாசலுக்குப் போய் மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் சத்தத்தக் குறைங்க டீச்சர். பக்கத்துல பாடம் நடக்குது."