அக்காவின் கைப்பேசியில் இருந்த எழுத்து

எட்டு மாதம் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்த பிறகுதான், அக்கா எதைப் படிக்க ஆசைப்பட்டு வகுப்புக்கு வந்தார் என்று எனக்குத் தெரிந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் படிக்க வருகிறார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

குளிர்மேட்டில் இருக்கும் பிரிஞ்சாங் டவுனில் ஒரு காய்கறி மொத்த வியாபாரியிடம் எனக்கு வேலை. பக்கத்து ஊர்களான திரிங்காப்பிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் வரும் லோரிகளுக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மட்டும் நான் டீச்சர். தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பெரியவர்களுக்கான வகுப்பு. அதைத் தொடங்கியவர் அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டுப் பல வருடமாகியும் எல்லாருக்கும் அவர் கிராணி ஐயாதான். பார்வை மங்கி, கரும்பலகையில் கோடு நேராக வராமல் போனபோது என்னைக் கூப்பிட்டார். சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு என்றார். போனேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். எல்லாரும் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அது எனக்குப் பெரிய சங்கடம். உட்காருங்கள் என்று சொல்லிச் சொல்லி மூன்றாவது வாரத்தில்தான் உட்கார வைத்தேன்.

அவர்களில் ஒருவரான அக்கா வெளிக்காட்டில் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவர். கணவர் இல்லை. ஒரே மகளைத் தூரத்து ஜொகூரில் கட்டிக்கொடுத்துவிட்டு தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாக இருந்தார். பென்சிலை வெட்டுக் கத்தரியைப் பிடிப்பதுபோல அழுத்திப் பிடிப்பார், முனை உடைந்துகொண்டே இருக்கும். ஆனால் மற்றவர்கள் ஒரு வாரத்தில் கற்பதை அவர் ஒரே மதியத்தில் கற்றார். லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் நாக்கை மடித்து மடித்துச் சொல்லிப் பார்ப்பார். கிராணி ஐயாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியாம்மா, இந்த வயசுல ழகரம் எப்படி விழுது!" என்பார்.

எட்டாவது மாதம் அக்கா தமிழ் நாளிதழின் தலைப்புச் செய்தியைத் தடுக்காமல் வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அவர் மட்டும் நின்றார். பைக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"டீச்சர், இதுல ஒரு எழுத்துகூட நீங்க சொல்லிக்குடுத்தது இல்லையே. நான் ஏதும் வகுப்புக்கு வராம விட்டுட்டேனா?"

மகள் அனுப்பிய வாட்சப் செய்தி. பேச்சு முழுக்கத் தமிழ், எழுத்து முழுக்க ரூமி, அதாவது மலாய் எழுதப் பயன்படும் ஆங்கில எழுத்து. நம் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், நானும் இப்படித்தான் எழுதுகிறேன். மகள் மலாய்ப் பள்ளியில் படித்தவள், அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. இது எதுவும் எனக்கு முன்பே தோன்றவில்லை. திரையைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன், காது சூடாகிவிட்டது.

"இது வேற எழுத்து அக்கா. நான் வாசிச்சுக் காட்டவா?"

சட்டென்று கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டார். "வேணாம்."

பிறகு, நான் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாகச் சொன்னார். "வாரா வாரம் கால் பண்ணி பேசுவா. நல்லா இருக்கேம்மா, சாப்புட்டேம்மா, அம்புட்டுதான். போனை வெச்ச அப்புறம் இத அனுப்புவா. வாயால சொல்ல முடியாததத்தானே எழுதுறா? அத இன்னொருத்தர் வாயால நான் கேக்கலாமா?"

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதுறாங்க?"

"அதுதான் டீச்சர் எனக்கும் தெரியல."

மூன்று வருடத்துச் செய்திகள் அதில் இருந்தன. ஒன்றைக்கூட அவர் யாரிடமும் காட்டியதில்லை.

கிராணி ஐயாவிடம் ரூமியும் சொல்லிக்கொடுக்கலாமா என்று பொதுவாகக் கேட்டேன், அக்காவின் விஷயத்தைச் சொல்லவில்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது. "மலாயும் ரூமியும் கத்துக்குடுக்க ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. தமிழுக்கு இந்த மேட்டுல நாமதான் இருக்கோம்" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அக்கா சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், வகுப்பு முடிந்தபின் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகையில் அக்காவுக்கு ரகசியமாக ரூமி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். ஏதோ திருட்டு வேலை செய்வதுபோல இருந்தது.

தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. ரூமியில் எனக்கே ஒன்றும் புரியவில்லை. எம், ஏ இரண்டும் சேர்ந்தால் 'மா' என்றேன். "அப்ப 'ம'வுக்கு?" என்றார். அதற்கும் அதேதான் என்றேன். "ரெண்டும் ஒண்ணுனா எப்படி டீச்சர்?" நம் பிள்ளைகள் எழுதும் தமிழுக்கு விதி கிடையாது, ஒரே சொல்லை இன்று ஒரு மாதிரி எழுதுவார்கள், நாளை வேறு மாதிரி எழுதுவார்கள், வாசிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும் என்றேன். அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எட்டு மாதமாக ஒரு புள்ளி தவறினால்கூட அழித்து எழுதச் சொன்னவள்தானே நான்.

ஆனாலும் கற்றார். நான்கைந்து மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஒருநாள் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. கைப்பேசியைக் காட்டினார். ஒரு சொல் மட்டும் தெரிந்தது, மேலேயும் கீழேயும் இரண்டு கட்டைவிரலாலும் மறைத்திருந்தார்.

"வி, ஏ, எல், ஐ. இது வலியா டீச்சர், வழியா?"

நம் பிள்ளைகள் எழுதுகிறபடி இரண்டுக்கும் அதே நான்கு எழுத்துதான். "முன்ன பின்ன என்ன இருக்குன்னு பாத்தாதான்கா சொல்ல முடியும்."

"அது வேணாம். இத மட்டும் சொல்லுங்க."

"இத மட்டும் வெச்சு எனக்குத் தெரியாதுக்கா."

கட்டைவிரல் நகரவில்லை. நகத்தைச் சுற்றி கொழுந்துக் கறை. வலி இருக்கிறதா, வழி இருக்கிறதா? வலி இல்லையா, வழி இல்லையா? என் தலைக்குள் நான்கும் மாறி மாறி ஓடின. அந்த விரல்களைப் பிடித்து நகர்த்திவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. செய்யவில்லை. "நீங்க கத்துக்குடுத்த எழுத்துல எழுதிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது.

அடுத்த ஞாயிறு எங்கள் விழா. படித்து முடித்தவர்களுக்குச் சான்றிதழ், டவுனிலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர், எல்லாருக்கும் இட்டிலியும் கேசரியும். கிராணி ஐயா வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டி வந்திருந்தார். டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர், கைநாட்டு வைத்தே காலம் தள்ளியவர், மேடையில் எல்லாரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு அப்படியே அழுதுவிட்டார், கீழே அவர் மனைவியும் அழுதார். அதைப் பார்த்தபோது எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. எழுத்து நல்லது, நாங்கள் செய்வது நல்லது, அவ்வளவுதான்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். மழையைப் பற்றிய ஒரு பத்தியைத் தெளிவாக வாசித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் விருந்தினர் மைக்கை நீட்டி, "படிச்சதால உங்களுக்கு என்னம்மா கிடைச்சது?" என்று கேட்டார்.

அக்கா வாசித்த தாளை மடித்தார். "இன்னும் தெரியலைங்க" என்றார்.

மண்டபமே சிரித்தது. விருந்தினர் அதைத் தன்னடக்கம் என்று பாராட்டினார். நான் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை என்று கிராணி ஐயா போன் செய்தார். பக்கத்து டவுனான தானா ராத்தாவில் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்தக் குளிர்மேட்டை விட்டுத் தனியாக இறங்காதவர், ஜொகூர் வரைக்கும் பஸ் மாறி மாறிப் போயிருக்கிறார். அப்போதுதான் ரூமி பாடத்தைக் கிராணி ஐயாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பஸ்ஸு போர்டெல்லாம் அதுலதானே எழுதிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அக்கா மகளோடு திரும்பினார். மகள் கையில் இரண்டு பெரிய பைகள் இருந்ததாக லயத்தில் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அக்கா வழக்கம்போல வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மகள் திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் பூக்கட்டு அடுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். ஒரு லோரிக்குச் சீட்டு கொடுக்கப் போயிருந்தேன். செவ்வந்திக் கட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்கதானே அம்மாவோட டீச்சர்?"

ஆமாம் என்றேன். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான் டீச்சர் நான் எழுதுனேன்" என்றாள். "அந்த வீட்டுல நான் படுறத யார்கிட்டயும் சொல்ல முடியாது. அம்மாகிட்ட சொன்னா தாங்க மாட்டாங்க. அதனால எழுதி அம்மாவுக்கே அனுப்பிருவேன். அம்மாகிட்ட சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். அவங்க அத யார்கிட்டயும் காட்ட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஒருநாள் அவங்களே படிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

அவள் உண்மையாகவே யோசித்தாள். "தெரியல டீச்சர். மொத நாள் அம்மா வாசல்ல வந்து நின்னப்ப செத்துப்போலாம் போல வெக்கமா இருந்துச்சு. எல்லாத்தையும் படிச்சுட்டு வந்திருக்காங்க. ஒரு கேள்வி கேக்கல. துணி எடுத்து வெய்னு மட்டும் சொன்னாங்க." ஒரு பூக்கட்டை எடுத்துக் கசங்கிய இலையைக் கிள்ளினாள். "இப்ப நல்லா தூங்குறேன். ஆனா அம்மா என்னைப் பாக்குறப்பல்லாம், எந்த மெசேஜ நினைச்சுக்கிட்டு பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க செஞ்சது நல்லதா இல்லையான்னு கேட்டா, நான் என்னான்னு சொல்றது?"

லோரி டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் பெட்டிக்குத் திரும்பிப் போனாள், நான் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பிரிஞ்சாங்குக்கு வண்டியைத் திருப்பினேன். வழியெல்லாம் அவளுக்கு ஒரு பதில் தேடினேன். அந்த வாரம் மண்டபத்தில் புதிதாக மூன்று பேர் வந்திருந்தார்கள். அக்கா எழுந்து அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்.