சிவப்புக் குச்சி வைக்காத கிழங்கு

செடிப்பண்ணையில் அவளுக்குப் பெயர் குச்சி. ஆள் ஒல்லி என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அவள் பார்க்கும் வேலை. விற்பனைக்கு வரும் தொட்டிகளில் விஷச் செடிகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயம் தோய்த்த குச்சியைச் செருகுவது அவள் பொறுப்பு. குச்சியைப் பார்த்தால் வாங்க வந்தவர் கேட்பார். கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

"உன் வீட்டுக்காரர் தலையிலயும் ஒண்ணு குத்தி வெச்சிருக்கியாடி?" என்று பண்ணை முதலாளியம்மா கிண்டல் செய்வார்.

அவ்வளவு கறாரானவள், தன் வீட்டு வாசலில் மட்டும் அந்தக் குச்சியை வைக்கவில்லை.

வீட்டில் அவள் சின்னவள். அவளும், பெரியவளான ஓரகத்தியும், மாமனாரும், ஒரு நாயும். கணவன்மார் இருவரும் லாரி ஓட்டுகிறவர்கள். மாதத்தில் பாதி நாள் சாலையில் கழியும். நாயின் பெயர் மேஸ்திரி. யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தானாக ஒரு துரும்பையும் அசைக்காது. கடிகாரக் கடையில் காலமெல்லாம் குனிந்தே இருந்த மாமனார், மனிதர்களைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவார்.

வாசல் கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மண் இருந்தது. அதில் என்ன வைப்பது என்றுதான் பேச்சு தொடங்கியது. திரைச்சீலைக் கடையில் தைக்கும் பெரியவள், பண்ணையில் பார்த்த அலங்காரப் புல் வேண்டும் என்றாள்.

"புல்லா? வீட்ல மாடா இருக்கு, அக்கா?"

"காத்து வந்தா எப்படி ஆடுது பாரு. நாள் முழுக்க நான் தைக்கிற திரை ஒண்ணுகூட இப்படி விழாது."

சின்னவளுக்குச் செங்காந்தள் மேல்தான் கண். புல்லைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரியும். அதிகத் தண்ணீர் கேட்காது, வெயிலுக்கு வாடாது, வருஷத்துக்கு ஒரு தடவை சாண் உயரம் விட்டு அறுத்தால் மறுபடி குபுகுபுவென்று வரும். ஆனால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். செங்காந்தளோ மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் எரிந்து முடியும் பூ. சில வாரக் கூத்துதான். பிறகு கொடி காய்ந்து, மண்ணுக்குள் கிழங்காகப் பதுங்கிவிடும். சொந்தக் காலில் நிற்கவும் தெரியாது, இலை நுனியைச் சுருட்டிப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். கிழங்கிலிருந்து விதைவரை விஷம்.

இந்தக் கடைசி விஷயத்தை அவள் வீட்டில் சொல்லவில்லை. பையில் சிவப்புக் குச்சி ஒன்றைக் கொண்டுவரத்தான் செய்தாள். அதை ஊன்றினால் பெரியவள் என்னவென்று கேட்பாள். தெரிந்தால், நாய் திரியும் வாசலில் மாமனார் அதை வைக்க விடமாட்டார். குச்சி பைக்குள்ளேயே கிடந்தது.

ஆளுக்குப் பாதியாக நட்டார்கள். முதல் வருஷம் கொடி புல்லைப் பற்றி ஏறிப் பூத்தது. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். "யாரோட கைராசி?" என்று கேட்கும்போதெல்லாம் சின்னவள் எதையோ துடைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்குத் தித்திக்கும்.

"என் புல்லு முதுகுல ஏறிக்கிட்டு உன் பூ மினுக்குது" என்று பெரியவள் சிரித்தாள். "ஏணியை எவ பாராட்டப் போறா?"

அடுத்த பருவத்தில் சின்னவள் கிழங்கைப் பிரித்து இரண்டு குழிகளில் நட்டாள். இந்தத் தடவை பண்ணை வழக்கப்படி குழிக்கு ஒரு கைப்பிடி எலும்புத்தூள் போட்டாள். பண்ணையில் நாய் கிடையாது. அது அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மேஸ்திரி புல்லைக் கடித்துக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்ததை மாமனார் பார்த்தார். சற்று நேரத்தில் அது வாசலெல்லாம் பச்சையும் நுரையுமாகக் கக்கியது. பிறகு கால் மடிந்து படுத்துவிட்டது.

"புல்லுதான். என் கண்ணாலயே பார்த்தேன்" என்றார். பெரியவள் பக்கம் திரும்பாமல் நாயைத் துண்டால் போர்த்தினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சின்னவள் மண்ணோரம் போய் நின்றாள். ஒரு குழி தோண்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் பாதிக் கிழங்கு, பல் பதிந்த தடத்தோடு. வயிறு சரியில்லாமல் போனால் நாய்கள் புல்லைத் தின்னும். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய அதே நொடியில் அவள் கை கிழங்கை எடுத்துப் பைக்குள் போட்டது, அவள் கால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. கால் ஏன் அப்படிச் செய்தது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள்.

வாடகைக் காரில் அவளும் மாமனாரும் நாயை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். மாமனார் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே மேஜைமேல் நாய் கிடந்தது.

"என்ன தின்னுச்சு? புல்லுன்னு சொல்றார் பெரியவர்."

சின்னவள் பையைத் திறந்து கிழங்கை நீட்டினாள். "இது. செங்காந்தள். எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியலை."

மருத்துவரின் முகம் மாறியது. உதவியாளரைக் கூப்பிட்டு, விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைக்கச் சொன்னார், டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். "நல்ல வேளை சொன்னீங்க. புல்லுன்னே நினைச்சிருந்தா ஒரு ஊசியப் போட்டு அனுப்பியிருப்பேன்."

"சார், வெளிய... மாமாகிட்ட சொல்ல வேண்டாம்."

"நாய்க்கு வைத்தியம் பார்க்கிறதோட என் வேலை முடிஞ்சது. மத்தது உங்க பாடு."

வீடு திரும்பியபோது புல் இல்லை. பெரியவள் அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் பின்பக்கம் குவித்திருந்தாள். ஓரம் கூர்மையான இலைகள் உள்ளங்கை முழுக்கக் கோடு கோடாக அறுத்திருந்தன. சின்னவள் அந்தக் கைகளை மடியில் வைத்து மருந்து தடவினாள்.

"நீ செடிங்களோடயே கிடக்கிறவ. இந்தப் புல்லு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியலையேக்கா."

அதைச் சொன்ன பிறகு மருந்து டப்பாவை மூட அவளுக்கு வெகுநேரம் ஆனது.

மருத்துவர் நாயைச் சில நாள் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த நாட்களில் பெரியவள் மாமனாருக்குத் தட்டை வைத்துவிட்டு அவர் முகம் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். சின்னவளுக்கோ இன்னொரு கவலையும் இருந்தது: இரண்டாவது குழியில் ஒரு முழுக் கிழங்கு கிடக்கிறது. தோண்டினால் ஏன் என்று கேட்பார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து எடுத்துவிடலாம் என்று காத்திருந்தாள். வீடு ஒரு நாளும் காலியாகவில்லை. ஒரு நாள் பண்ணையில் குச்சி செருகிக்கொண்டிருந்தாள். "எலும்புத்தூள் மோந்தா நாய் விடுமா?" என்று எவரோ வாடிக்கையாளரிடம் முதலாளியம்மா சொல்வது காதில் விழுந்தபோது, அவள் தொட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேஸ்திரி எலும்பும் தோலுமாகத் திரும்பியது. மூவரும் வாசலில் நின்றார்கள். அது யாரையும் கண்டுகொள்ளவில்லை. நேராக மண்ணோரம் போய், மோந்து, முன்னங்கால்களால் பறிக்கத் தொடங்கியது.

மாமனார் பல நாள் கழித்துச் சிரித்தார். "தோண்டுடா. அதான் புல்லெல்லாம் போச்சே, இனி என்ன பயம்?"

"விடாதீங்க மாமா! அதுல விஷம் இருக்கு!"

சின்னவள் பாய்ந்து நாயின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள். முட்டி போட்டு, வெறுங்கையால் மண்ணைக் கிளறி, கிழங்கை வெளியே எடுத்தாள். பிறகு நாய்க்கும் நிலத்துக்கும் பொதுவாகப் பார்த்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள், எலும்புத்தூள் உட்பட.

மாமனார் நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பெரியவள்தான் பேசினாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன்."

"அன்னிக்கேவா?" பெரியவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கோடுகள் இன்னும் ஆறியிருக்கவில்லை. "எனக்கு மருந்து போட்டு விட்டியே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்க்கா."

மாமனார் வாய் திறந்தார். பெரியவள் அவரைக் கையமர்த்தினாள். "நீங்க சும்மா இருங்க மாமா. உங்க கண்ணு பார்த்த லட்சணமும் தெரிஞ்சுபோச்சு." அவள் உள்ளே போனாள். தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. தைக்க எதுவும் இல்லாத மாலை அது.

சின்னவள் கிழங்கைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவைத்தாள். எலும்புத்தூள் கலந்த மண்ணை இரண்டு குழிகளிலிருந்தும் வாரி அப்புறப்படுத்தினாள். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பின்பக்கம் போனாள். குவியலில் மேலே கிடந்த புல் சருகாகிவிட்டது. அடியில் சில தூர்களில் வேர் இன்னும் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அவற்றைத் தூக்கிவந்து, சாண் உயரம் விட்டு அறுத்து, ஒவ்வொன்றாக வாசல் மண்ணில் வைத்தாள். பிழைக்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மேஸ்திரி சற்றுத் தள்ளி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

தையல் சத்தம் நின்றது. ஜன்னல் திரை விலகியது.

"அவ்வளவு ஆழமா வைக்காத, அழுகிடும்" என்றாள் பெரியவள். குரலில் சிரிப்பு இல்லை. "உன் எலும்புத்தூளைக் கொண்டாந்து கொட்டித் தொலைக்காத."

திரை மறுபடி விழுந்தது. சின்னவள் தூரைக் கொஞ்சம் மேலே இழுத்து, சுற்றிலும் மண்ணை அமுக்கினாள்.