பின்வரிசையில் மோசஸ் அண்ணன்

காலையில் ஸ்டுடியோவைத் திறந்துகொண்டிருந்தபோது ரோஸி அக்காவின் போன் வந்தது. "கலா, உங்க அண்ணன் போயிட்டாரும்மா. காபி கேட்டாரு. கொண்டு வர்றதுக்குள்ள அவசரம் அவருக்கு" என்றார். கணவரைக் குறை சொல்லிக்கொண்டே அழுதார். எனக்கும் அப்படித்தான் அழுகை வந்தது.

தொம்மலூர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு மோசஸ் அண்ணனின் ராக் பைத்தியம் நன்றாகத் தெரியும். பகலெல்லாம் சோப்பு விளம்பரமும் பக்திப் பாட்டும் பதிவு செய்வோம். வேலை முடிந்ததும் அண்ணன் டேப்பும் கையுமாக என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நிற்பார். எழுபதுகளில் சில வெளிநாட்டு வானொலிகள் ராக் கச்சேரிகளை நான்கு ஸ்பீக்கர்களுக்கென்றே ஒலிபரப்பின. முன்னால் இரண்டில் பாட்டு, பின்னால் இரண்டில் கூட்டத்தின் ஆரவாரம். யாராவது வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த அந்தப் பழைய டேப்புகளைத் தேடிப்பிடித்து, மறுபடியும் நாலா பக்கமும் ஒலிக்க வைப்பதுதான் அவருக்கு வேலை, விளையாட்டு எல்லாம்.

அதில் ஒரு டேப்பில் அவருடைய மானமே அடங்கியிருந்தது. இளவயதில் கப்பலில் வேலை பார்த்தபோது, ஏதோ துறைமுக ஊரில் அந்தக் கச்சேரிக்கு அவரே போயிருந்தாராம். பாட்டு நின்ற இடைவெளியில் "சபாஷ்டா ராஜா" என்று தமிழில் கத்தினாராம். பாடகன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தானாம். கல்யாணமான நாளிலிருந்து ரோஸி அக்கா இதை நம்பியதில்லை. "சும்னே கதை விடுவாரு கலா. கப்பல்ல குறட்டை விட்டுத் தூங்கியிருப்பாரு" என்பார். அதே கச்சேரியின் டேப் ஒருவழியாகக் கைக்கு வந்தபோது அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "என் குரல் இதுல இருக்கு. அவளைக் கேக்க வைக்கல, என் பேரு மோசஸ் இல்ல" என்றார்.

டேப் முழுக்க ஒரே இரைச்சல். அண்ணன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதலில் இடது பக்க ஒலித் தடத்தை உட்கார்ந்து சுத்தம் செய்தார், பிறகு வலது தடத்தை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலப் பளபளவென்று ஆக்கிவிட்டார். நான்கு ஸ்பீக்கரில் போட்டோம். முன்னால் பாட்டு கணீரென்று இருந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை. நான்கு பக்கத்து ஒலியையும் இரண்டு தடங்களுக்குள் அடக்கித்தான் வானொலியில் அனுப்புவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நுணுக்கமான வித்தியாசத்தில்தான் பின்பக்கம் ஒளிந்திருக்கும். தனித்தனியாகத் துடைத்ததில் அது அழிந்துவிட்டது.

"ஐயையோ கலா, இரைச்சலோட சேத்து என்னையும் தொடச்சிட்டேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளை, மூல டேப் பத்திரமாக இருந்தது. அன்று அவர் சொன்னதை நான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன்: "இரைச்சல்ல கை வைக்கறதுக்கு முன்னாடி அதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு பாத்துக்கணும்." இந்தத் தடவை இரண்டு தடங்களையும் ஒன்றாகவே வைத்து, பாதி இரைச்சலை அப்படியே விட்டுவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்ததும் ரோஸி அக்காவை நேராக அவர்கள் வீட்டு ஹாலின் நடுவில் உட்கார வைத்தோம். பாட்டு முடிந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கைகள் தட்டின. நான் திரும்பியே பார்த்துவிட்டேன். அப்போது பின்னால் இடது மூலையிலிருந்து, தெளிவான தமிழில் ஒரு குரல்: "டேய் நெட்டையா, உக்காருடா. ஒண்ணுமே தெரியல."

சபாஷும் இல்லை, ராஜாவும் இல்லை. ரோஸி அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இது இவரேதான். இன்னிக்கும் தியேட்டர்ல இதத்தான கத்துறாரு" என்றார். அண்ணனுக்கு வெட்கமே இல்லை. "நம்புனியா? இப்பவாவது நம்புனியா?" என்று ஹாலையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகொரு நாள் பிரதி கேட்டு வந்த ராக் ரசிகர் ஒருவர், அந்த 'நெட்டையா' சத்தத்தை மட்டும் நீக்கித் தர முடியுமா என்றார். "வேணும்னா பாட்ட எடுத்துடறேன் சார்" என்றார் அண்ணன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அண்ணனின் நான்கு ஸ்பீக்கர்களையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ரோஸி அக்கா கூப்பிட்டார். ஆட்டோவில் மூன்றை ஏற்றினேன். நான்காவதைத் தூக்கப் போனபோது அதன் மேல் கை வைத்துக்கொண்டார். பின் இடது மூலை ஸ்பீக்கர் அது.

"இது இருக்கட்டும் கலா."

ஆக, அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தவை அந்த டேப்பும் மூன்று ஸ்பீக்கர்களும். அவற்றை வைத்துக்கொண்டு கச்சேரியை முழுதாகக் கேட்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் மறுபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ரோஸி அக்கா வீட்டுக்குப் போகிறேன்.